மாற்றுக் கருத்தும் வகுப்பறையும்

ஆசிரியரின் கருத்துக்கு மாறான கருத்தை மாணாக்கன் ஒருவன் வகுப்பில் வெளியிடுவானாயின், ஆசிரியர் செய்யத்தக்கது யாது? ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதவும், கரும்பலகையைப் பயன்படுத்தவும், வகுப்பை அமைதியாக நடத்தவும் நாம் கற்றோம். இவ்வினாவுக்கு அங்கு விடை கிடைக்கவில்லை. அமெரிக்க நாட்டுப் பள்ளி வழக்கு ஒன்று இதனை ஆராய நமக்குத் துணை செய்கிறது. 'பப்ளிக் ஸ்கூல்' என்றவுடன் நம்மவர் உயர்ந்த கட்டணம் பெறும் பள்ளியை நினைப்பர். அந்நாட்டிலோ அது வரிப்பணத்தில் நடைபெறும் பொதுப் பள்ளியாகும். யாவர் வீட்டுப் பிள்ளைக்கும் அதில் இடமுண்டு.

அயோவா மாநிலத்தின் டி மாயின் நகரில், 1965 திசம்பரில், மாணவர் சிலர் கையில் கறுப்புத் துணி கட்டிப் பள்ளிக்குச் செல்ல முடிவு செய்தனர். வியட்நாம் போரில் இரு தரப்பிலும் இறந்தோர்க்காக வருந்துவதும், போர் நிறுத்தத்தை வேண்டுவதும் அவர்தம் நோக்கம். செய்தி அறிந்த தலைமையாசிரியர்கள் முன்கூட்டியே கூடி, துணியைக் கழற்ற மறுப்போர் இடைநீக்கம் பெறுவர் என விதி செய்தனர். அவ்வாறே 13 வயதுச் சிறுமி மேரி பெத் டிங்கரும், அவர் தமையனும், மற்றும் சிலரும் வெளியே அனுப்பப்பட்டனர். அவர்கள் முழக்கமிடவில்லை, எவரையும் தடுக்கவுமில்லை. கீழ் நீதிமன்றங்களில் வழக்குத் தோற்றது. உச்ச நீதிமன்றம் 1969 பிப்ரவரி 24 அன்று, எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. பேச்சுரிமையைப் பள்ளி வாயிலில் கழற்றி வைத்துவிட்டு எவரும் உள்ளே நுழைவதில்லை என்பது நீதிபதி ஏப் ஃபோர்ட்டசு எழுதிய அத்தீர்ப்பின் கருத்து. பள்ளிப் பணிக்குக் கணிசமான இடையூறு நேர்ந்தாலோ, நேரும் என எதிர்பார்க்கத் தக்க காரணம் இருந்தாலோ மட்டுமே தடுக்கலாம். வெறும் அச்சம் போதாது.

இவ்வழக்கில் நம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது வேறொரு செய்தி. அப்பள்ளிகளில் தேர்தல் சின்னங்களை மாணவர் அணிந்து வந்தனர். நாசிகளின் அடையாளமாகக் கருதப்பட்ட இரும்புச் சிலுவையைக்கூடச் சிலர் அணிந்தனர். அவற்றை எவரும் தடுக்கவில்லை. கறுப்புத் துணி ஒன்றே தடுக்கப்பட்டது. பள்ளியில் சின்னம் எதுவுமே கூடாது என்றிருந்தால் அது ஒழுங்கு பற்றிய விதி என்னலாம். ஒன்றை மட்டும் விலக்கியதால், பள்ளியே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நம் தருக்க நூல்கள் நயம், துர்நயம் எனப் பகுத்துரைப்பது ஈண்டு நினைக்கத் தக்கது. பொருளின் ஒரு கூற்றை எடுத்துரைப்பது நயம்; ஏனைய கூறுகள் இல்லவே இல்லை என மறுப்பது துர்நயம். போரை ஆதரித்தல் ஒரு நயம், எதிர்த்தல் மற்றொரு நயம். எதிர்ப்பவன் வாயை மட்டும் அடைத்தது துர்நயம்.

மறுதலைத் தீர்ப்பையும் கூறாது விடுதல் முறையன்று. நீதிபதி ஹியூகோ பிளாக், பேச்சுரிமைக்காக நெடுங்காலம் வாதாடியவர். அவரே இத்தீர்ப்பை மறுத்தார். கணித ஆசிரியர் ஒருவரின் பாடவேளை, இத்துணி பற்றிய வாக்குவாதத்தால் ஏறத்தாழப் பாழானதை அவர் சுட்டினார். சிறார் பள்ளிக்கு வருவது கற்பதற்கே என்றும், கட்டுப்பாடு தளர்ந்தால் கல்வி கெடும் என்றும் அஞ்சினார். ஐம்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நின்று பழகிய எவரும் இதனை எளிதில் தள்ளிவிட மாட்டார். ஆயினும் கணித வேளையில் வாதிட்டதற்குக் கணித ஆசிரியர் கண்டிக்கலாம். துணி கட்டியதற்காக வீட்டுக்கு அனுப்பவேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு.

பின்வந்த தீர்ப்புகள் இவ்வுரிமைக்கு வரம்பிட்டன. பள்ளி நடத்தும் மாணவர் இதழில் கல்வி தொடர்பான காரணம் பற்றிச் செய்திகளை நீக்கலாம் என 1988இல் முடிவாயிற்று. பள்ளிக்கு வெளியே மாணவர் எழுதுவனவற்றில் பள்ளியின் அதிகாரம் குறுகியதே என 2021இல் முடிவாயிற்று.

நடுநிலை எத்தகையது என்பதை 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நன்கு விளக்குகிறது. நடுவண் அரசின் நிதி பெறும் உயர்நிலைப் பள்ளி, பாடத்துக்குப் புறம்பான மாணவர் மன்றம் ஒன்றை அனுமதித்தால், சமயமோ அரசியலோ தத்துவமோ காரணமாகப் பிற மன்றங்களை விலக்கலாகாது என்பது அது. விவிலியம் பயில விரும்பிய மாணவர்க்காக முனைந்தோரே இதற்குப் பெரிதும் முன்னின்றனர். பின்னர், அவர்கள் சற்றும் ஒவ்வாத கருத்துடைய மாணவரும் அதே சட்டத்தைக் காட்டி இடம் கேட்டனர். சால்ட் லேக் நகரக் கல்விக் குழு 1996இல், ஒருபாலீர்ப்பு மாணவரும் அவர்தம் நண்பரும் தொடங்கிய மன்றத்தை ஏற்க மனமின்றி, பாடத்துக்குப் புறம்பான மன்றங்கள் அனைத்தையும் மூடியது! நமக்கென வெட்டிய கிணற்றில் பிறரும் நீர் முகப்பர் என்பதை ஏற்கவியலாதவர், கிணற்றையே தூர்த்துவிடுகின்றனர்.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்கு உண்டு. கேரளத்தில் 1985இல் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சார்ந்த உடன்பிறந்தார் மூவர், நாட்டுப்பண் பாடாமையால் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். பாடும்போது அவர்கள் மரியாதையுடன் எழுந்து நின்றனர். பாடுதல் மட்டும் தம் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்றனர். உச்ச நீதிமன்றம் 1986இல் அவர்களை மீண்டும் சேர்க்குமாறு ஆணையிட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி, அமெரிக்க நீதிமன்றம் 1943இல் கொடி வணக்கம் பற்றி அளித்த தீர்ப்பையும் எடுத்தாண்டார். நாட்டுப்பண் நமக்கு உயிரனையது. எனினும் மூவரே ஆயினும் அவர்தம் மனச்சான்றுக்கு இடமுண்டு என்பதில், எண்ணிக்கையில் சிறியதாகிய நம் சமூகத்துக்கும் காப்பு உள்ளது. திருஞானசம்பந்தர் வரலாற்றில் சமணர் கழுவேறிய பகுதி வகுப்பில் நடத்தப்படும்போது, நம் வீட்டுப் பிள்ளை தலை குனிந்து அமர்ந்திருக்கும். அந்நிகழ்ச்சி நடந்ததா என்பதில் வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை அப்பிள்ளை எழுந்து பணிவுடன் கூறினால், கேட்கும் ஆசிரியர் வேண்டும்.

அவ்வாறு கேட்பதால் எல்லாக் கருத்தும் சரி என்றாகிவிடாது. அநேகாந்தத்தை அங்ஙனம் பொருள் கொள்வோர் நம்முள்ளும் உளர், அது பிழை. ஏழெட்டு ஐம்பத்துநான்கு என எழுதியவனுக்கு மதிப்பெண் இல்லை. நீலகேசி பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்த நூல். ஆனால் மறுக்கும் முன் அவர் கூற்றைக் கேட்கிறது. குண்டலகேசி முழுமையாக இன்று கிடைக்கவில்லை. அதனைப் பற்றி நாம் அறிவனவற்றுள் ஒரு பகுதி, அதனை மறுக்க எழுந்த நீலகேசியும் வாமன முனிவர் உரையும் காத்துத் தந்ததேயாகும்.

பிறர் வகுப்பில் நாம் வேண்டும் இந்நீதியை, ஜினாலயத்தில் நாம் நடத்தும் ஞாயிறு வகுப்பிலும் வழங்குகிறோமா? "மின்விளக்கு இருக்கும்போது இரவில் உண்டால் என்ன?" என்று ஒரு சிறுவன் கேட்பான். "பெரியோர் சொன்னதைக் கேள்" என்று அமர்த்திவிடுவது எளிது. அவன் அமர்ந்துவிடுவான், வினா அமராது. அவன் கூறுவதைக் கரும்பலகையின் ஒரு பக்கத்தில் அவன் சொற்களிலேயே எழுதச் செய்யலாம். மறுபக்கத்தில், விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்வதையும், நோன்பு உளத்துக்கு அளிக்கும் கட்டுப்பாட்டையும் நாம் எழுதலாம். பின்னர், அவன் பக்கத்தை நாமும் நம் பக்கத்தை அவனும் உரக்கப் படிக்கலாம். அடுத்த ஞாயிறு வரை பலகையை அழிக்க வேண்டா.