மேன்டிலும் ஆல்ஃபா துகளும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

படவேடு ரேணுகாம்பாளுக்கு ஆடி வெள்ளி என்றால் கண்ணமங்கலம் ரோடு இரவெல்லாம் தூங்காது. அப்படி ஓர் இரவில், தறி வீட்டுப் பெரியவர் ஒருவர் பரணிலிருந்து பெட்ரோமாக்ஸை இறக்கித் துடைத்துக்கொண்டே, "இந்த மேன்டில்ல அணுசக்தி இருக்கு தம்பி, அதான் இந்த வெளிச்சம்" என்றார். மேன்டிலில் கதிரியக்கம் இருப்பது உண்மை. வெளிச்சம் அதிலிருந்து வருகிறது என்பது தவறு.

மேன்டில் என்பது ஒரு நூல்வலைதான். 1891-இல் ஆஸ்திரியரான அவுவர் வகுத்த கலவை இன்றும் பேர்பெற்றது: தோரியம் 99 பங்கு, சீரியம் 1 பங்கு. இந்த உப்புக் கரைசலில் வலையை ஊறவைத்துக் காயவைப்பார்கள். முதல் முறை கொளுத்தும்போது நூல் எரிந்துவிடும். வலையின் உருவில் ஆக்சைடு சாம்பல் மட்டும் நிற்கும். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கை பட்டதும் மேன்டில் பொடிந்துபோனது அதனால்தான். மண்ணெண்ணெய்ச் சுடரின் வெப்பத்தில் அந்தச் சாம்பல் வெண்மையாக ஒளிர்கிறது. தோரியத்தின் கதிரியக்கத்துக்கு அந்த வெளிச்சத்தில் துளியும் பங்கில்லை.

அந்தத் தோரியத்துக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் கனிமத்தைக் கண்டு, 1909-இல் அதைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்த ஊர் மணவாளக்குறிச்சி. இன்று கன்னியாகுமரி மாவட்டம். ஐரோப்பியத் தெருவிளக்குகளின் மேன்டிலுக்கு அந்தக் கடற்கரை மணல் கப்பலேறியது.

தோரியம் சிதையும்போது வெளியேறுவது ஆல்ஃபா துகள். அதைப் பற்றிய அடுத்த நம்பிக்கை, படித்தவர்களிடமும் இருப்பது: அணுக்கருவுக்குள் ஆல்ஃபா துகள்கள் டப்பாவில் போட்ட மணிபோல முன்கூட்டியே கிடக்கின்றன, சிதையும்போது ஒன்று வெளியே வருகிறது. அப்படி இல்லை. ஆல்ஃபா என்பது 2 புரோட்டான், 2 நியூட்ரான் சேர்ந்த கட்டு, ஹீலியத்தின் அணுக்கரு. கனமான அணுக்கருவின் நடுவில் நெருக்கம் அதிகம். அங்கே நான்கு பேர் தனிக்குடித்தனம் நடத்த இடமில்லை. ஒரு பட்டுச்சேலையை நினைத்துக்கொள்ளுங்கள்: அதன் உடலில் பாவும் ஊடையும் பின்னிக் கிடக்கின்றன. அங்கே தனிக் கொத்து என்று எதையும் பிரித்துக் காட்ட முடியாது. முந்தி முடிகிற இடத்தில் ஊடை விழாத பாவு இழைகள் தளர்ந்து தொங்கும். அங்கேதான் கொத்துக் கொத்தாகப் பிடித்துக் குஞ்சம் முடிகிறார்கள். அணுக்கருவிலும் விளிம்பில், அடர்த்தி தளர்கிற இடத்தில்தான் ஆல்ஃபா கொத்து உருவாகிறது.

இது வெறும் உவமை இல்லை. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக அணு இயற்பியல் மையத்தில் வெள்ளீய அணுக்கருக்கள் மீது புரோட்டான்களைப் பாய்ச்சிய ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. விளிம்பிலிருந்த ஆல்ஃபா கொத்துகள் அடிபட்டு உதிர்ந்தன. நியூட்ரான் கூடக்கூட, உதிர்வது குறைந்தது. எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்: விளிம்பில் நியூட்ரான் படலம் தடித்தால் கொத்து கட்டுவது கடினமாகிறது.

'அணு கிழடுதட்டிச் சிதைகிறது' என்பார்கள். அணுவுக்கு மூப்பு கிடையாது. விளிம்பில் உருவான ஆல்ஃபாவைச் சுற்றி, அதன் ஆற்றலால் ஏற முடியாத மின்விசைத் தடுப்புச் சுவர் நிற்கிறது. குவாண்டம் விதிப்படி அதை ஊடுருவிப் போக மிகச் சிறிய வாய்ப்பு உண்டு என்று 1928-இல் காமோவ் கணக்கிட்டார். கர்னியும் காண்டனும் தனியாக அதையே கண்டார்கள். தோரியம்-232 வெளியிடும் ஆல்ஃபாவின் ஆற்றல் 4 மெகா எலக்ட்ரான் வோல்ட். அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. அதே வம்சத்தில் பின்னால் வரும் பொலோனியம்-212-க்கு 8.8; அரை ஆயுள் ஒரு நொடியின் கோடிப் பங்கில் மூன்று. ஆற்றல் இரண்டு மடங்குக்குச் சற்றே மேல் ஆனதற்கே இத்தனை வேகம்.

கடைசியாக, ஆபத்தான நம்பிக்கை: 'ஆல்ஃபாவை ஒரு காகிதமே தடுத்துவிடும், பயமில்லை.' காகிதம் தடுப்பது நிஜம். தோலின் மேலடுக்கும் தடுக்கும். ஆனால் மூச்சோடு உள்ளே போன தூளுக்கும் நுரையீரல் திசுவுக்கும் நடுவில் காகிதம் கிடையாது. திசுவின் மிகச் சிறு தூரத்துக்குள்ளேயே தன் ஆற்றல் முழுவதையும் ஆல்ஃபா இறக்கிவிடும்.

பல நாடுகளில் மேன்டிலுக்கு இப்போது யிட்ரியம்தான். உங்கள் பரணில் இருக்கும் பழைய மேன்டில் உடைந்தால் வாயால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து உறையில் கட்டிப் போட்டுவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் கையில் அந்தச் சாம்பலைக் கொடுக்கவே வேண்டாம்.