வார இறுதியில் ஒரு தமிழ்ப்படம்

நுழையும் முன்

வெள்ளிக்கிழமைதோறும் புதிய படங்களும் தொடர்களும் இணையவழி வீட்டிற்கே வந்து சேர்கின்றன. ஒரே படத்தைப் பல மொழிகளில் கேட்கும் வசதியும் உள்ளது. அவற்றுள் எம்மொழியைத் தேர்ந்தெடுப்பது? தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களில் எழும் இக்கேள்வியை இப்பாடம் ஆராய்கிறது.

பாடம்

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. எச்.எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் கதைத்தலைவியாகிய டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். உடன் நடித்தோர் தெலுங்கிலும் பேசினர். மொழியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அன்று பார்ப்போருக்கு இல்லை. இன்று அவ்வாய்ப்பு ஒரு பொத்தானில் அடங்கியுள்ளது.

வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தி ஒலியோ ஆங்கில சப்டைட்டிலோ எளிதாக இருக்கலாம். கதை புரிந்துவிடும், ஆனால் சில நுட்பங்கள் மறைந்துவிடும். அத்தை, சித்தி, பெரியம்மா ஆகிய மூன்று உறவுகளும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடுகின்றன. 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாடும் அங்கே தெரிவதில்லை.

வீட்டில் பேசும் தமிழ் பெரும்பாலும் உணவு, உறக்கம், பள்ளி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. வயலிலும் சந்தையிலும் நீதிமன்றத்திலும் ஒலிக்கும் தமிழைக் கேட்கப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு குறைவு. அக்குறையை நல்ல படங்கள் ஓரளவு போக்குகின்றன.

மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை' சென்னைக் குடிசைப்பகுதிச் சிறுவர் இருவரின் கதை. பீட்சா உண்ண விரும்பும் பேரர்களுக்காகப் பாட்டி தோசைமாவில் அதனைச் செய்துபார்க்கிறார். சென்னைப் பேச்சுவழக்கை அப்படத்தில் கேட்கலாம். அவரே இயக்கிய 'கடைசி விவசாயி' (2022), உசிலம்பட்டிப் பகுதி வழக்கில் அமைந்தது. குலதெய்வத் திருவிழாவிற்கு நெல் விளைவிக்கும் முதியவராக நல்லாண்டி என்னும் உண்மையான உழவரே நடித்தார். 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' என்னும் ஆவணப்படம் முதுமலைக் காட்டில் எடுக்கப்பட்டது. பொம்மனும் பெள்ளியும் ரகு என்னும் யானைக்குட்டியை வளர்க்கும் வாழ்வை அது காட்டுகிறது.

எல்லாப் படங்களும் எல்லா வயதினருக்கும் உரியவையல்ல. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இணையத் தளங்கள் படங்களை வயதிற்கேற்ப வகைப்படுத்துகின்றன. 'யு' என்பது அனைவருக்கும் உரியது. 'யு/ஏ' குறிக்கு அருகிலுள்ள 7, 13, 16 ஆகிய எண்கள் வயதைக் குறிப்பன. 'ஏ' என்பது பெரியவர்களுக்கு மட்டுமே உரியது. இக்குறியைப் பெற்றோருடன் பார்த்தபின் படத்தைத் தொடங்குவது நன்று.

படம் பார்த்தால் மட்டும் மொழி வந்துவிடாது. விளங்காத சொல்லை நிறுத்திக் கேட்க வேண்டும். கேட்ட சொல்லைப் பேச்சில் எடுத்தாள வேண்டும். அவ்வாறு பழகிய பிள்ளை, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பாட்டியின் பேச்சைக் கேட்டு வெறுமனே புன்னகைத்து நிற்காது, மறுமொழியும் கூறும்.

சொல்லும் பொருளும்

சப்டைட்டில் – திரையின் அடியில் தோன்றும் வசன எழுத்து
வட்டார வழக்கு – ஒரு பகுதிக்கே உரிய பேச்சுமுறை
குலதெய்வம் – குடும்பத்தார் வழிவழியாக வணங்கும் தெய்வம்

கற்பவை கற்றபின்

1. 'காளிதாஸ்' படத்தில் எவ்வெம்மொழிகள் பேசப்பட்டன எனப் பாடம் கூறுகிறது?
2. ஆங்கில சப்டைட்டிலில் மறையும் நுட்பங்கள் இரண்டினை எழுதுக.
3. எழுத்து வழக்கிற்கு மாற்றுக:
அ) நேத்து என்ன படம் பாத்தீங்க?
ஆ) பாட்டி சொன்னது வெளங்குச்சா?
4. இவ்வார இறுதியில் தமிழ் ஒலியில் ஒரு படம் பார்த்து, புதிதாகக் கேட்ட ஐந்து சொற்களைத் தொகுக்க. அவற்றின் பொருளைத் தாத்தா அல்லது பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு எழுதுக.