ஊரைக் கேட்டுத் தொடங்குங்கள்

கேள்வி: காரியாபட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறேன். பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறேன். மரக்கன்று நட்டோம், பஸ் ஸ்டாண்டைக் கூட்டினோம், பேரணி போனோம். மறு வாரம் போய்ப் பார்த்தால் எல்லாம் பழையபடி கிடக்கிறது. மதுரைக் கல்லூரிகளில் ‘சர்வீஸ் லேர்னிங்’ என்று பாடத்தோடு சேர்த்தே சேவை செய்கிறார்கள் என்று தோழி சொன்னாள். எங்கள் கல்லூரியில் அப்படி ஒன்று இல்லை. நானாகத் தொடங்க முடியுமா ஐயா? எங்கிருந்து தொடங்குவது?

— கல்லூரி மாணவி, காரியாபட்டி

பதில்: தாராளமாகத் தொடங்கலாம் அம்மா. உங்கள் தோழி சொன்னது உண்மைதான். மதுரையில் லேடி டோக் கல்லூரியும் அமெரிக்கன் கல்லூரியும் சேவைவழிக் கற்றலைப் பாடத்தோடு இணைத்து நடத்திவருகின்றன. ஆனால் கல்லூரி தனியாக ஒரு திட்டம் கொண்டுவரட்டும் என்று நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

நட்ட கன்று ஏன் பட்டுப்போனது என்று யோசித்துப் பாருங்கள். எங்கே நடலாம், கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆடு மாடு கடிக்காமல் யார் பார்ப்பார்கள் என்று அந்தத் தெருக்காரர் யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள். சேவைவழிக் கற்றல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. 1960-களில் அமெரிக்காவில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ராபர்ட் சிக்மன், 1979-இல் இதற்கு மூன்று விதிகளை எழுதினார். எந்த உதவி வேண்டும் என்பதை உதவி பெறுகிறவர்களே முடிவு செய்ய வேண்டும். வேலை முடியும்போது தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் திறன் அவர்களுக்கு முன்பைவிடக் கூடியிருக்க வேண்டும். சேவை செய்யப் போகிறவரும் அங்கே படிக்கத்தான் போகிறார். என்ன படிக்கப் போகிறோம் என்பதைத் தீர்மானிப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது ஒருநாள் முகாமாகச் சுருங்கிவிடும்.

பெயர் வெளியிலிருந்து வந்தாலும் காரியம் நமக்குப் புதிதில்லை. மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் உருவானது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி, ஊர்க்காரர்களோடு பழகிப் படிப்பதை அது பாடத்தின் பகுதியாகவே வைத்தது. நீங்கள் சேர்ந்திருக்கும் நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அதன் கணக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம். கூடவே ஒரு ஏழு நாள் முகாம். அந்த 120 மணி நேரத்தை ஒரே ஊரில், ஒரே வேலையில், உங்கள் பாடத்தோடு பொருத்திச் செலவிட உங்கள் திட்ட அலுவலரிடம் அனுமதி கேளுங்கள். வழி திறந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் எந்த அடுப்படியில் கேட்டாலும் தண்ணீரைப் பற்றித் துல்லியமாகச் சொல்வார்கள். இந்த போர் தண்ணியில் பருப்பு வேகாது, துணிக்கு சோப்பு நுரைக்காது, அந்தக் கிணற்றுத் தண்ணி மட்டும்தான் வாய்க்கு நல்லா இருக்கும் என்பார்கள். இதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் ‘கடின நீர்’ என்ற தலைப்பில் இருப்பவை. கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகப் படிவதால் நுரை வருவதில்லை. அதே கால்சியம் பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டினை இறுக்கிவிடுவதால் பருப்பு மசியாமல் நிற்கிறது.

ஆய்வகத்தில் நீங்கள் செய்யும் இ.டி.டி.ஏ. தரம்பார்த்தலை நினைத்துப் பாருங்கள். எரியோகுரோம் பிளாக்-டி விட்டதும் நீர் ஒயின் சிவப்பாகும். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்க இறங்க, ஒரு சொட்டில் நீலமாகத் திரும்பும். ஆய்வகத்தில் கொடுக்கும் கரைசலை வைத்து அதைச் செய்தால் மதிப்பெண் வரும். உங்கள் தெருக் குழாய்த் தண்ணீரை வைத்துச் செய்தால், அம்மா இத்தனை வருடம் ஏன் குடத்தோடு நடந்தார் என்பது புரியும்.

ஆனாலும் முதல் மாதம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நோட்டு மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எது, மாட்டுக்கு எது, கோடையில் எது வற்றும், எது மாறும். தண்ணீர் எடுப்பவர்கள் பெண்கள் என்பதால் அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பும் களையெடுப்புமாக இருப்பார்கள். தை, மாசியில் அறுப்பு நடக்கும். அவர்கள் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து நீங்கள் போங்கள். உங்கள் கல்லூரி அட்டவணைக்காக அவர்கள் வேலையை விட்டு வரக் கூடாது.

எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்பதும் முக்கியம். சாவடியிலோ கோயில் வாசலிலோ கூட்டம் போட்டால் சில தெருக்காரர்கள் வர மாட்டார்கள், அல்லது வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். அரசுப் பள்ளி, நூலகம், ரேஷன் கடை வாசல் போன்ற எல்லோரும் வரும் இடத்தைப் பாருங்கள். ஊரின் எல்லாத் தெருவுக்கும் நீங்களே நடந்து போங்கள். ஒரு தெருவின் தண்ணீரைச் சோதித்துவிட்டு இன்னொரு தெருவை விட்டுவிட்டால், எந்த நல்ல எண்ணமும் அதைச் சரிக்கட்டாது. தோழியோடு சேர்ந்து போங்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், கடைசி பஸ்ஸுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

ஊர் சரியென்று சொன்னபிறகு சோதனை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 விதிப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. கரைந்த உப்புகளின் மொத்த அளவுக்கு அதேபோல் 500, 2,000. கடையில் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் உப்பின் அளவைத்தான் காட்டும்; ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி எதையும் பிரித்துச் சொல்லாது. மீட்டரில் எண் குறைவாக வந்ததைப் பார்த்து ‘நல்ல தண்ணீர்’ என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி ஊராட்சியிடம் கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று விசாரித்து அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். நீங்கள் பட்டம் வாங்கிப் போனபிறகும் அந்த வேலை ஊரில் நிற்க வேண்டுமென்றால் அதுதான் வழி.

முடிவைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதிக் கிராம சபையில் வாசியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு சபைகள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். உங்கள் அறிக்கைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் பஸ்ஸிலேயே நாலு வரி எழுதிவிடுங்கள். என்ன பார்த்தேன், ஏன் அப்படி இருக்கிறது, என் பாடத்தில் இதற்கு விளக்கம் இருக்கிறதா, அடுத்த முறை யாரிடம் கேட்பேன். இந்த நாலு வரியை விட்டுவிட்டால் சேவை மட்டும் மிஞ்சும், கற்றல் நழுவிவிடும்.

கேள்வி: எங்கள் நண்பர் குழு ஊர்க் கண்மாயில் உள்ள சீமைக்கருவேலத்தை வெட்டி அழிக்கலாம் என்று இருக்கிறோம். தொடங்குவதற்கு நல்ல வேலைதானே?

— மாணவர், திருச்சுழி

பதில்: அக்கறை நல்லது தம்பி. அரிவாளை எடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும். முதலில், கண்மாய் யாருடையது என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளது நீர்வளத் துறையின் பொறுப்பில் வரும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அனுமதி இல்லாமல் அங்கே மரம் வெட்டக் கூடாது. அது ஏலத்தில் போயிருக்கவும் கூடும். இரண்டாவதாக, மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டுத்தான் நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பெரித்தன. நீங்கள் அழிக்க நினைப்பது அவர்கள் கூலி. அவர்களை விட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். மூன்றாவதாக, வேரோடு எடுக்காமல் மேலே வெட்டினால் அது மறுபடி கிளை கிளையாகத் துளிர்க்கும். உங்கள் உழைப்பு வீணாகும்.

இதைவிட நல்ல தொடக்கம் ஒன்று சொல்கிறேன். ஊரில் வயதான நீர்பாய்ச்சி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவரோடு கரைமேல் நடந்து மடை, கலுங்கு, மறுகால் எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு வரத்துக்கால் வழியே மேல்நோக்கி நடங்கள். தண்ணீர் குண்டாற்றிலிருந்து வர வேண்டியதா, நிலையூர்–கம்பிக்குடிக் கால்வாய் வழியா, மேலே உள்ள கண்மாயின் மறுகாலா என்று தெரியும். எந்த இடத்தில் மண் மேவியிருக்கிறது, எங்கே குழாய் சின்னதாகப் போட்டுவிட்டார்கள், எங்கே முள் அடைத்திருக்கிறது என்று குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். சிவில் படிக்கிறவருக்கு அது மட்ட அளவீடு, புவியியல் மாணவருக்கு வடிநிலப் பாடம், தமிழ் படிக்கிறவருக்கு வேறெங்கும் கிடைக்காத சொற்கள். கையில் அந்த வரைபடம் இருந்தால், எந்த முள்ளை முதலில் எடுக்க வேண்டும் என்று ஊரே உங்களுக்குச் சொல்லும்.

கேள்வி: மகன் வாரம் தவறாமல் கிராமத்துக்குப் போகிறேன் என்கிறான். படிப்பு கெட்டுவிடாதா? வேலைக்குப் பயன்படுமா?

— ஒரு தந்தை, அருப்புக்கோட்டை

பதில்: வாரம் இரண்டு மூன்று மணி நேரத்தில் படிப்பு கெடாது ஐயா. தேர்வு மாதத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் நிறுத்துவதை ஊரில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவே 2022-இல் சமூக ஈடுபாட்டுக்கு 2 கிரெடிட் பாடம் வைக்கும் வழிகாட்டுதலைக் கொடுத்திருக்கிறது. 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியானில் சேர்ந்த கல்லூரிகள் ஐந்து ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. மகனின் கல்லூரி அதில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். சான்றிதழைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. அறிமுகமில்லாத பெரியவரிடம் பணிவாகப் பேசவும், அவர் சொன்னதைக் கணக்காக எழுதவும், அதிகாரியிடம் மனு கொடுக்கவும் அவன் பழகிவிடுவான். எந்த வேலைக்குப் போனாலும் அது கைகொடுக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கும் ஊருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். பேனர் கட்டி, போட்டோ எடுத்து, சர்வே என்று ஆதார் எண் வரை எழுதிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் தகவலே இல்லை. நாங்கள் என்ன செய்வது?

— தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர், காரியாபட்டி ஒன்றியம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. இதை எல்லாக் கல்லூரிகளும் படிக்க வேண்டும் என்பதற்காகவே கடைசியில் வைத்தேன்.

அடுத்த முறை யார் வந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை மாதம் வருவீர்கள்? நீங்கள் எழுதுவதில் எங்களுக்கு ஒரு பிரதி எப்போது தருவீர்கள்? நீங்கள் போனபிறகு இதை யார் தொடர்வார்கள்? எங்கள் பிள்ளைகளின் படத்தை எங்கே போடப் போகிறீர்கள்? பதில் சொல்ல முடியாதவர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள். ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் மாணவர் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. எந்தப் பாடத்துக்கும் அது அவசியமில்லை.

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில், உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். தினமும் அதே முகம் வந்ததுதான் அதன் பலம். நாலாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு வாரம் இரு நாள், ஒரு பருவம் முழுக்க, அதே இரு மாணவர்கள் வர வேண்டும் என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதுங்கள். கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. ஊர் தெளிவாகக் கேட்டால்தான், வருகிற பிள்ளைகளும் சரியாகக் கற்றுக்கொள்வார்கள்.