இடிக்குமா என்பதைப் பிளான் போடும்போதே பாருங்கள்

மணவாளக்குறிச்சியில் கதிர்வீச்சு என்றாலே பேச்சு தோரியம் கலந்த மோனசைட் மணலுக்குப் போய்விடும். அதே ஊர்க்காரர் புற்றுநோய்க்குக் கரண்டு வைக்க நெய்யூருக்கோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கோ போகும்போது, அவரைச் சுற்றிவரும் இயந்திரக் கையான கேன்ட்ரி கட்டிலில் இடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் மருத்துவ இயற்பியலாளர்களான நாங்கள்தான். அதற்கான விடை சிகிச்சை அறைக்குள் போகுமுன், பிளான் போடும் கணினியிலேயே கிடைத்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கதிர் பாய்ச்சும் இயந்திரமான லீனாக்கின் தலைப்பகுதிக்கும், கேன்ட்ரி சுற்றும் மையப்புள்ளியான ஐசோசென்டருக்கும் இடையே, மாடலைப் பொறுத்து, சுமார் 40 முதல் 45 செ.மீ.தான் இடைவெளி. மார்பகச் சிகிச்சைக்காகக் கட்டிலைப் பக்கவாட்டில் 12 செ.மீ. நகர்த்துகிறோம் என்று வையுங்கள். கட்டிலின் பாதி அகலம் 26 என்றால் நகர்த்திய பக்கத்து ஓரம் ஐசோசென்டரிலிருந்து 38 செ.மீ. தள்ளி நிற்கும். கட்டில் ஐசோசென்டருக்கு 15 செ.மீ. கீழே இருந்தால், பிதாகரஸ் கணக்கில் அந்த ஓரத்தின் தூரம் ஏறக்குறைய 41 செ.மீ. ஒரு மெஷினில் தப்பும், இன்னொன்றில் உரசும். மூளைக் கட்டிக்குக் கட்டிலையும் திருப்பினால் மனக்கணக்கு போதாது, மென்பொருள்தான் வேண்டும்.

தொட்டால் நின்றுவிடும் சென்சார் இருக்கிறதே என்பார்கள். அது விபத்தைத் தடுக்கும், சிகிச்சையைக் காப்பாற்றாது. நின்றபின் கோணத்தை மாற்றத்தான் வேண்டும்; மாற்றினால் டோஸ் கணக்கு, டாக்டர் ஒப்புதல், சரிபார்ப்பு எல்லாம் முதலிலிருந்து. கடியப்பட்டணத்திலிருந்து துணைக்கு வந்தவருக்கு அன்றைய கடல்தொழிலும் போச்சு. தலை, கழுத்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சிகிச்சைக் காலம் நீள்வதே பலனைக் குறைக்கும். மென்பொருளின் விலை கட்டாது என்பது அடுத்த வாதம். சிறிய மையங்களைப் பொறுத்தவரை அது நியாயம்தான். ஆனால் காலி அறையில் கட்டில், கேன்ட்ரி கோணங்களை மாற்றி மாற்றி அளந்து ஓர் எக்செல் அட்டவணை போட்டுக்கொள்ள யார் தடுத்தார்கள்?

எனக்குக் கனமாகப் படும் மறுப்பு வேறு: மென்பொருள் பொய்த் தைரியம் கொடுக்கும். சி.டி.யில் விழாத உடம்பு அதற்குத் தெரியாது. தலைக்கு மேல் தூக்கிய கையின் முழங்கை பெரும்பாலும் படத்துக்கு வெளியேதான் இருக்கும். அதனால் ஸ்கேன் நாளிலேயே முழங்கைக்கு முழங்கை அகலத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். மார்பகச் சிகிச்சையில் நோயாளியைப் படுக்கவைக்கும் பிரெஸ்ட் போர்டையும் மென்பொருளின் மாடலில் வரையுங்கள். கணினி சொல்லும் இடைவெளி இரண்டு மூன்று செ.மீ.க்குள் இருந்தால் இடிக்கும் என்றே கொள்ளுங்கள். மென்பொருள் பச்சைக்கொடி காட்டினாலும், முதல் நாள் கதிர் இல்லாமல் ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்ப்பதை விடாதீர்கள். கட்டிலின் மேல்தட்டை மாற்றினால், மாடலையும் அட்டவணையையும் அன்றே மாற்றிவிடுங்கள்.