குளூட்டன் இல்லாத பீட்சா: கடையில் என்ன கேட்க வேண்டும்?

பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள். குடும்பமாகப் பீட்சா கடைக்குப் போகிறீர்கள். உங்களுக்குச் சீலியாக் நோய் இருப்பதால் கோதுமை கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உணவுப் பட்டியலிலோ ‘குளூட்டன் இல்லாத பீட்சா’ என்று போட்டிருக்கிறது. சாப்பிடலாமா? சாப்பிடலாம், ஆனால் முதலில் சமையலறையைப் பற்றிக் கேளுங்கள்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். ரொட்டி சானாய் மாவு வீச வீசக் கிழியாமல் துணிபோல் விரிவது இதனால்தான். சீலியாக் நோயாளி இதை உண்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும். உண்ட சத்து உடலில் சேராது. வயிற்றுப்போக்கு எல்லாருக்கும் வருவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் தீராத இரத்தச்சோகையும் எலும்புத் தேய்மானமும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். வயதானவர்கள் இதை ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் நீங்களாகவே கோதுமையை நிறுத்த வேண்டாம். கோதுமை சாப்பிட்டு வரும்போது இரத்தப் பரிசோதனை செய்தால்தான் நோய் சரியாகத் தெரியும். முதலில் கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.

‘ஒரு வாய்தானே’ என்பது இங்கே செல்லாது. கோடெக்ஸ் என்னும் அனைத்துலக உணவுத் தரத்தின்படி, குளூட்டன் இல்லாத உணவு 1 கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. சாதாரண ரொட்டி ஒரு துண்டிலேயே சுமார் 2,000 மில்லிகிராம் இருக்கிறது. சூட்டில் வெந்தால் போய்விடும் என்பதும் தவறு. அடுப்புச் சூடு குளூட்டனை அழிக்காது.

இதனால்தான் பீட்சா கடையில் கவனம் தேவை. அடிரொட்டி அரிசி மாவில் செய்ததாகவே இருக்கட்டும். பக்கத்து மேசையில் கோதுமை மாவைத் தூவித் தட்டுகிறார்கள். மாவுத்தூள் பறந்து எங்கும் படிகிறது. மாவு ஒட்டிய கை சீஸ் டப்பாவுக்குள் போகிறது. சாதாரண பீட்சாவை வெட்டிய உருளைக்கத்தியே உங்களுடையதையும் வெட்டுகிறது. எனவே, தனித் தட்டில் வைத்துச் சுடுவார்களா, கையுறை மாற்றுவார்களா, வேறு கத்தி உண்டா, சீஸும் தக்காளிச் சாறும் தனியாக எடுப்பார்களா என்று கேளுங்கள். பணியாளர் தடுமாறினால் மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். பணியாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், ‘சாயா தாக் போலே மாக்கான் காண்டும்’ என்றால் புரியும். கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் பொறுமையாகப் பதில் கிடைக்கும்.

பீட்சாவை விட, சுங்கை வேயில் நாம் அன்றாடம் சாப்பிடும் உணவுகளில்தான் அதிகம் ஏமாந்துபோகிறோம். இட்லி, தோசையில் அரிசியும் உளுந்தும்தான். ஆனால் ரொட்டி சானாய் போட்ட அதே கல்லில் தோசை வார்த்தால் பயனில்லை. ரவா தோசை கோதுமையே. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு. ரசத்திலும் சாம்பாரிலும் அது சேரும். கீச்சாப்பில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். மைலோவிலும் பீரிலும் பார்லி. புரட்டாசி விரதத்தில் சாப்பிடும் ‘சைவ இறைச்சி’யில் பல வகைகள் நேரடியாகக் கோதுமைக் குளூட்டனால் செய்தவை, சோயா என்று நினைத்துவிடாதீர்கள்.

1985 உணவு விதிமுறைகளின்படி, பொட்டலத்தில் விற்கும் உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதை லேபிளில் குறிப்பிட வேண்டும். கடையில் சமைத்துத் தரும் தட்டில் லேபிள் இருக்காது; அங்கே உங்கள் வாய்தான் லேபிள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. குளூட்டன் இல்லாத அடிரொட்டி பெரும்பாலும் அரிசி மாவும் மரவள்ளி மாவும். இரத்தச் சர்க்கரையை அது வேகமாக ஏற்றும். ஓரிரண்டு துண்டோடு நிறுத்தி, காய்கறி சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லும் பதிலில் சந்தேகம் தீரவில்லை என்றால், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய், பிள்ளைகள் பீட்சா சாப்பிடும்போது தே தாரிக் ஒன்று குடியுங்கள், சீனி குறைவாக.