சி.டி.க்கு மேல் மேட் போட்டால் பாட்டு இனிக்குமா?

டெல்லியில் ஆர்.கே.புரம், கரோல் பாக், மயூர் விஹார் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில், டிசம்பர் சீசனுக்குச் சென்னை போனபோது வாங்கிய கச்சேரி சி.டி.க்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய மேட் ஒன்றை வைத்துப் போட்டால் சத்தம் துல்லியமாகும் என்று சொல்லி விற்கிறார்கள். பர்ஸைத் திறக்கும் முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

1. எல்.பி. ரெக்கார்டுக்கு அடியில் போடும் மேட்டுக்கு வேலை உண்டு. அங்கே ஊசி ரெக்கார்டைத் தொட்டு ஓடுவதால் மோட்டார் அதிர்வு ஸ்பீக்கர் வரை வந்துவிடும். சி.டி.யைப் படிப்பது வெறும் லேசர் ஒளிதான். ரெக்கார்டில் கேட்ட வித்தியாசத்தை இதிலும் எதிர்பார்க்காதீர்கள்.

2. சி.டி.யில் பாட்டோடு பிழை திருத்தும் தகவலும் சேர்த்தே பதிவாகியிருக்கிறது. தடத்தில் சுமார் 2.5 மி.மீ. நீளத்துக்குத் தொடர்ந்து படிக்க முடியாமல் போனாலும் பிளேயர் அதை மீட்டுவிடும். படித்த தகவல் ஒரு சிறு நினைவகத்தில் காத்திருந்து, குவார்ட்ஸ் கடிகாரக் கணக்கில் விநாடிக்கு 44,100 முறை வெளியே போகிறது. அதனால் தட்டு லேசாக அதிர்ந்தாலும் வீணையின் நாதம் கெடாது. பிழை எல்லை மீறினால் ‘டிக்’ சத்தம் வரும், பாட்டு குதிக்கும்.

3. எந்த மேட் என்று பார்த்தால், கார்பன் ஃபைபர் மெல்லியது, எடை குறைவு, தொந்தரவும் குறைவு. ரப்பர் கனம், மே மாத வெயிலில் இளகி லேபிளில் ஒட்டிக்கொள்ளலாம். கார்க் துகள் உதிரும். துணி, ஃபெல்ட் வகைகளின் நூல் லென்ஸில் போய் விழும்.

4. காரில் இருப்பதுபோலத் தட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் பிளேயர், பல தட்டுகள் போடும் சேஞ்சர், கம்ப்யூட்டர் டிரைவ் ஆகிய மூன்றிலும் மேட் வைக்கவே கூடாது. சாதாரண பிளேயரில் தட்டு நிமிடத்துக்கு 500 முதல் 200 சுற்றுதான் சுற்றும். கம்ப்யூட்டர் டிரைவில் அது பல ஆயிரம். மேட் நழுவினால் டிரைவ் போய்விடும்.

5. சி.டி.யின் தடிமன் 1.2 மி.மீ. தட்டை மேலிருந்து பிடிக்கும் வில்லை அந்த அளவுக்குச் செய்யப்பட்டது. மேட் தடிமனாக இருந்தால் பிடி தளரும். டிரேயை மூடியதும் உரசும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி வெளியே எடுங்கள்.

6. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பயனியர் பிளேயரா? அதில் சில மாடல்களில் லேபிள் கீழே இருக்கும்படி தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சி.டி.யைத் தாங்குவதற்கு மேட் போர்த்திய அகலமான சுழல் பீடமும் உள்ளேயே உண்டு. லேசர் மேலே இருப்பதால், இன்னொரு மேட்டை மேலே வைத்தால் சி.டி.யையே படிக்காது.

7. பசை தடவிய மேட் வேண்டவே வேண்டாம். பாட்டு பதிந்த அலுமினியப் படலம் லேபிளுக்கு அடியில் மெல்லிய அரக்குப் பூச்சோடு மட்டுமே இருக்கிறது. மேட்டை உரித்தால் படலமும் கூடவே உரிந்து வரும். லேபிள் பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதுவதும் இதனால்தான் ஆகாது.

8. சி.டி.யின் விளிம்பில் பச்சை மை பூசினால் ஒலித்தரம் கூடும் என்றொரு பேச்சு 1990 வாக்கில் வெளிநாடுகளில் பரவியது. சி.டி. லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 780 நானோமீட்டர். பச்சை மைக்கு அங்கே வேலையில்லை. மேட்டின் நிறத்தைச் சொல்லி விற்றாலும் நம்பாதீர்கள்.

9. மேட் வாங்கியாகிவிட்டது என்றால் முறையாகச் சோதியுங்கள். நீங்கள் பிளேயருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். வீட்டில் ஒருவர் காசைச் சுண்டி, பூ விழுந்தால் மேட்டோடும் தலை விழுந்தால் மேட் இல்லாமலும் போடட்டும். இரண்டு சமயத்திலும் டிரேயைத் திறந்து மூட வேண்டும், வால்யூமைத் தொடக்கூடாது. பத்துத் தடவை செய்து எத்தனை சரி என்று எண்ணுங்கள். ஐந்தாறு சரியானால் அது குருட்டாம்போக்கு. குருட்டாம்போக்கில் ஒன்பதோ பத்தோ சரியாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். அப்படி வந்தால் உங்கள் பிளேயரில் ஏதோ விஷயம் இருக்கிறது.

10. சோதனைக்குத் துக்கடா வேண்டாம். தம்பூரா சுருதி மட்டும் ஒலிக்கும் ஆலாபனைத் தொடக்கத்தில் அரை நிமிஷம் போதும். வீணை மீட்டு அடங்கும் இடத்தையும், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ‘தொம்’மையும் கேளுங்கள்.

11. மேட் இல்லாமலே தட்டு சரியாகப் படிக்கிறதா என்று தெரிய, ஒரே பாட்டைக் கம்ப்யூட்டரில் இரண்டு முறை காப்பி செய்து, செக்சம் எண்களை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்களை) ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் தட்டில் குறையில்லை. மேட் திருத்துவதற்கும் ஒன்றுமில்லை. அந்தக் காப்பியை ஒலித்தரம் குறையாத எஃப்.எல்.ஏ.சி. வடிவில் சேமித்துவிட்டால் பாட்டும் பத்திரம்.

12. மே, ஜூனில் ஆந்தி எனும் புழுதிப்புயல் அடித்தால் ஜன்னல் மூடியிருந்தாலும் மண் உள்ளே வரும். கேட்டு முடித்ததும் தட்டைப் பெட்டியில் வையுங்கள். துடைக்கும்போது மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு நீளமாக ஓடி, திருத்த முடியாத பிழையாகிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் கூடாது.

13. ஜனவரிக் குளிரில் வெளியிலிருந்து கொண்டுவந்த பிளேயரை உடனே ஆன் செய்யாதீர்கள். ஹீட்டர் போட்ட அறையில் லென்ஸில் பனி படியும். ஒரு மணி நேரம் விடுங்கள்.

14. பாட்டு அடிக்கடி குதித்தால் மேட்டைத் தேட வேண்டாம், லென்ஸைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காட்டன் பட்ஸில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தொட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள்.

15. மிச்சப்பட்ட காசுக்கு கனமான பானிபட் தரியோ பவானி ஜமக்காளமோ வாங்கி ஸ்பீக்கருக்கு முன்னால் விரியுங்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். மொசைக் தரையில் மோதித் திரும்பும் சத்தம் குறைந்து, பாடகரின் சொற்கள் தெளிவாகும். இந்த வித்தியாசத்துக்குக் காசு சுண்டிப் பார்க்க வேண்டியதில்லை.