நடுவரும் அவரே, ஆட்டக்காரரும் அவரே

செயலாளர் என்றதும் நம் கிளையில் மினிட்ஸ் எழுதி, ஆண்டுக்கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்புகிறவர்தான் ஞாபகத்துக்கு வருவார். அமெரிக்காவின் மாநிலச் செயலாளருக்கும் அடிப்படை வேலை அதுதான். அரசாங்க ஆவணங்களைக் காப்பது, மாநில முத்திரையை வைத்திருப்பது. வாஷிங்டனில் இருக்கும் வெளியுறவு அமைச்சர் வேறு ஆள். ஆங்கிலத்தில் இரண்டு பதவிக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான்.

50 மாநிலங்களில் 47-இல் இந்தப் பதவி உண்டு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், எஸ்எஸ்எம் செய்கிற கம்பெனிப் பதிவும் தேர்தல் ஆணையத்தின் வேலையும் பெரும்பாலும் ஒரே மேசைக்கு வந்துவிடும். இல்லினாய், மிச்சிகன் மாநிலங்களில் ஜேபிஜே மாதிரி லைசன்ஸும் அவர் அலுவலகம்தான் கொடுக்கிறது. ஓரிகனில் துணை ஆளுநரே கிடையாது. அதனால் 2015-இல் ஆளுநர் பதவி விலகியதும், செயலாளராக இருந்த கேட் பிரவுன் ஆளுநர் ஆனார்.

நம் மாநில அரசாங்கச் செயலாளர் நியமிக்கப்படும் அரசு ஊழியர். அங்கேயோ பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் கட்சி வேட்பாளராக. எனக்கு இடிக்கிற இடம் இதுதான். தேர்தலை மேற்பார்க்கிறவரே கட்சிக்காரர்! 2000-இல் புளோரிடாவில் ஜார்ஜ் புஷ் 537 ஓட்டில் வென்றதாகச் சான்றளித்த கேத்தரின் ஹாரிஸ், அதே மாநிலத்தில் புஷ்ஷின் பிரச்சாரக் குழுவுக்கு இணைத் தலைவர். 2018-இல் ஜார்ஜியாவின் பிரையன் கெம்ப், 2022-இல் அரிசோனாவின் கேட்டி ஹாப்ஸ், இருவரும் செயலாளர் நாற்காலியில் இருந்தபடியே ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார்கள். ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. ஆக, இது ஒரு கட்சியின் குறை மட்டும் இல்லை.

அப்படியென்றால் செயலாளர் நினைத்தால் முடிவை மாற்றிவிடலாமா? அவ்வளவு சுலபம் இல்லை. ஓட்டு எண்ணுவது மாவட்ட அளவிலான கவுண்டி அலுவலகங்கள். செயலாளர் அந்த எண்களைத் தொகுத்துச் சான்றளிப்பார். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு அழுத்தம் வரும் என்பதை ஜார்ஜியா காட்டியது.

2020 அதிபர் தேர்தலில் அங்கே ஜோ பைடன் 11,779 ஓட்டில் முன்னிலை. செயலாளர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர், டிரம்ப்பின் குடியரசுக் கட்சிக்காரர். சிவில் எஞ்சினியரிங் படித்தவர் (நம்ம ஆளு!). சுமார் 50 லட்சம் வாக்குச்சீட்டுகளைக் கையால் எண்ண வைத்தார். பிறகு இயந்திரத்தில் ஒருமுறை. எந்த எண்ணிக்கையிலும் வெற்றியாளர் மாறவில்லை. லேப்பில் ஒரே அளவை இரண்டு வேறு கருவியில் எடுத்துப் பார்ப்போமே, அதே முறை. 2021 ஜனவரி 2-இல் டிரம்ப் போன் செய்து, 11,780 ஓட்டு கண்டுபிடிக்க வேண்டும் என்றார். கச்சிதமாக ஒரு ஓட்டு அதிகம். உங்கள் தகவல் தவறு என்று செயலாளர் பதில் சொன்னார்.

அதே ஆண்டு ஜார்ஜியா சட்டமன்றம் புதிய சட்டம் போட்டு, மாநிலத் தேர்தல் வாரியத்தில் செயலாளருக்கு இருந்த தலைவர் பதவியையும் ஓட்டுரிமையையும் எடுத்துவிட்டது. 2022-இல் அவர் மறுபடியும் போட்டியிட்டார். சொந்தக் கட்சிக்குள்ளேயே, டிரம்ப் ஆதரித்த வேட்பாளரைத் தோற்கடித்து, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.